ஃபேர் காப்பி அறையின் சத்தம்

1979-இல் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்த அன்று, சூப்பிரண்டு என்னை வராந்தாவின் கடைசிவரை கூட்டிப்போனார். ரெக்கார்டு ரூமையும் தாண்டி இருந்தது ஃபேர் காப்பி செக்‌ஷன். ஏழு மெஷின், ஏழு பெண்கள், ஒரே ஜன்னல். சுண்ணாம்புச் சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் பட்டு ஒவ்வொரு அடியும் திரும்பி வந்தது. அவ்வளவு தள்ளி இருந்தும், அதிகாரிக்கு டிரங்க் கால் வந்தால் பியூன் ஓடிவருவார்: "ஐயா பேசிட்டு இருக்காரும்மா, செத்த நிறுத்துங்க." விரலைத் தூக்கிக்கொண்டு ஏழு பேரும் காத்திருப்போம். நின்றுபோன நேரத்தை ஐந்தே முக்காலுக்கு மேல் உட்கார்ந்து ஈடுகட்டுவோம்.

தட்டச்சின் சத்தம் எனக்குப் புதிதல்ல. இன்ஸ்டிடியூட்டில் லோயரும் ஹையரும் முடித்தவள். ஆங்கில ஹையருக்கு நிமிடத்துக்கு 45 வார்த்தை. பரீட்சை ஹாலில் மணி அடித்ததும் அத்தனை மெஷினும் ஒன்றாகப் புறப்படும்போது தரையே அதிரும். அந்தச் சத்தத்தில் பயம் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நாமே எழுப்பும் சத்தம் நம்மை அவ்வளவாக வருத்துவதில்லை. மற்ற ஆறு பேருடையதுதான் மாலையில் தலைவலியாக வந்து உட்காரும்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சத்தமே வேறு. இதைச் சொன்னால் தட்டச்சு தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள். ஆங்கில மெஷினில் எழுத்து அடிக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் கேரேஜ் ஓர் இடம் நகரும். தமிழில் புள்ளியை அடித்தால் நகராது. அதையடுத்து எழுத்தை அடித்தால்தான் நகரும். புதிதாகப் பழகும் பிள்ளை 'யளனகபக'வுக்குப் பிறகு அடிக்கும் 'ட்மதாத'வில் தட்டு ஆறு, நகர்வு ஐந்து. அந்த ஒரு தட்டு தடுமாறுவதுபோல் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே எந்த மேசையில் தமிழ் ஓடுகிறது என்று நான் சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலேயாவுக்குப் போன ஆர். முத்தையா, 247 எழுத்தையும் ஒரு சின்னப் பலகைக்குள் அடக்கப் பாடுபட்டதன் தடம் அந்தத் தாளத்தில் இருக்கிறது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு, அந்தத் தாளம் அரசு அலுவலகங்களுக்குள்ளும் மெல்ல மெல்ல நுழைந்தது.

ஸ்டென்சில் வெட்டும் நாள் மோசமான நாள். ரிப்பன் குறுக்கே வராமல் எழுத்துக்கட்டை நேராக மெழுகுத் தாளில் விழும். ரிப்பன் தரும் கொஞ்சம் மெத்தையும் போய், சத்தம் ஊசிபோல் கூர்மையாகிவிடும். நாலைந்து கார்பன் வைத்தால் இன்னும் ஓங்கி அடிக்கவேண்டும்.

இதெல்லாம் உலகம் அறியாத துன்பமல்ல என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1920-களிலேயே அமெரிக்காவில் கோல்கேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் லேர்ட், தட்டச்சர்கள் செலவிடும் ஆற்றலை அளந்தார். சத்தமான அறையில் அதே வேலைக்கு உடம்பு கூடுதலாக உழைக்கிறது என்று கண்டார். எழுத்துக்கட்டையை ஓங்கி அடிக்காமல் தாளில் அழுத்திப் பதிக்கும் 'நாய்ஸ்லெஸ்' மெஷினை ரெமிங்டன் விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்திலேயே கரும்புச் சக்கையை அழுத்திப் பலகையாக்கி, துளையிட்டு, 'அகூஸ்டி செலோடெக்ஸ்' என்ற பெயரில் அலுவலகக் கூரைகளில் பதித்தார்கள். துளைக்குள் போன ஒலி நாரில் சிக்கி அடங்கிவிடும். கரும்புச் சக்கை! எங்கள் ஊர் ஆலையில் அது கொதிகலனில் எரிந்துகொண்டிருந்தது. வழி தெரிந்து ஐம்பது வருஷம் கழித்தும் எங்கள் தலைக்கு மேல் வெறும் சுண்ணாம்புதான். சத்தத்தைக் குறைக்க அலுவலகம் செய்த ஒரே காரியம் எங்களை வராந்தாவின் கடைசிக்கு அனுப்பியது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வழி கண்டவர் எங்களில் மூத்த அக்காதான். பாதிச் சத்தம் மெஷினுடையதல்ல, மேசையுடையது என்பார். இழுப்பறை வைத்த மரமேசை உள்ளே காலி; மேலே அடி விழுந்தால் மத்தளம்போல் முழங்கும். வீட்டிலிருந்து ஒரு பழைய பவானி ஜமக்காளத்தைக் கொண்டுவந்து ஏழு துண்டாக வெட்டி, ஓரம் அடித்து, மடித்து மெஷின்களுக்கு அடியில் வைத்தார். அன்றைக்குத்தான் முதன்முறையாக, பக்கத்து மேசைக்காரி எழுந்து வராமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே "டீ வந்துருச்சு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

1990-களில் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரைக் குளிரூட்டிய முன்னறையில் வைத்தார்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கீச்சொலி தாங்காமல், ஒரே வாரத்தில் அதைமட்டும் எங்கள் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். அதை மூடிவைக்க உள்ளே பஞ்சு ஒட்டிய பெட்டிகள் கடையில் கிடைத்தன. கேட்டு எழுதினோம். வரவில்லை. அதற்கடியிலும் ஒரு துண்டு போட்டோம்.

கழித்த மெஷின்களை ஏலம் எடுத்தவர் வந்த அன்று நான்தான் கணக்குப் பார்த்து ஒப்படைத்தேன். அவருடைய ஆட்கள் மெஷின்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். ஏழு மேசையிலும் ஜமக்காளத் துண்டுகள் கிடந்தன. சிவப்பும் பச்சையும் வெளுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ரப்பர் கால்கள் அழுந்திய நாலு வட்டக் குழிகள். என் மேசைத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது என் வீட்டு மிக்ஸிக்கு அடியில் கிடக்கிறது.