ராமானுஜர் ஜாதகத்தில் குருவும் சந்திரனும்: சேர்க்கை எதைச் சொல்கிறது?

ஸ்ரீபெரும்புதூர்னா இன்னைக்கு நிறைய பேருக்கு கார் தொழிற்சாலைகளும், ஒரகடம் வரைக்கும் ஓடுற ஷிப்ட் பஸ்களும்தான் ஞாபகம் வரும். அதே ஊரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் வருஷா வருஷம் சித்திரைத் திருவாதிரை கொண்டாடுகிறார்கள். ராமானுஜர் பிறந்த நட்சத்திரம். 2017-இல் ஆயிரமாவது ஆண்டும் கொண்டாடி முடித்தாயிற்று.

வைணவ மரபு நமக்குக் கொடுத்திருக்கும் தகவல் இது: பிங்கள வருஷம், சித்திரை மாதம், வளர்பிறை பஞ்சமி, திருவாதிரை, கடக லக்னம். ஆங்கிலத் தேதியாக வழக்கமாகச் சொல்வது 4-4-1017. அன்று வியாழக்கிழமை. நவீன வானியல் சூத்திரங்களையும் லாஹிரி அயனாம்சத்தையும் வைத்து அன்றைய நண்பகலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடைத்தது இது:

மேஷத்தில் சூரியன் (சுமார் 10 பாகை), சுக்கிரன் (13), புதன் (22). மிதுனத்தில் குரு (4), சந்திரன் (13). கடகக் கடைசியில் செவ்வாய். தனுசில் சனி. ரிஷபத்தில் ராகு.

பஞ்சமி அன்று சூரிய உதயத்தை ஒட்டி முடிந்து, நண்பகலில் சஷ்டி நடக்கிறது. உதயத்தில் இருக்கும் திதிதான் அந்த நாளுக்குப் பேர் என்பதால் இது பெரிய முரண் இல்லை.

ஜோசியம் தெரிஞ்சவங்க இதைப் பார்த்தா துள்ளிக் குதிப்பாங்க. சூரியனுக்குப் பரம உச்சம் மேஷம் 10-ஆம் பாகை. அதுவும் பத்தாம் இடத்தில், புதனோடு சேர்ந்து புத ஆதித்ய யோகம். இன்னொரு பக்கம் குருவும் சந்திரனும் ஒரே ராசியில். ஞானி பிறக்க வேறென்ன வேணும்?

கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

சித்திரை மாதம் என்றாலே சூரியன் மேஷத்தில்தான். அந்த மாசம் பிறந்த எல்லாருக்கும் சூரியன் உச்ச ராசி. சித்திரையில் நண்பகல் வாக்கில் பிறந்தால் பெரும்பாலும் கடக லக்னம், சூரியன் பத்தில். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே முடியாது. அதனால் ஏறத்தாழ பாதிப் பேர் ஜாதகத்தில் இரண்டும் ஒரே ராசியில் இருக்கும். சுக்கிரனுக்கும் எல்லை 47 பாகைதான்.

சந்திரன்? திருவாதிரை முழுக்க மிதுனத்துக்குள் இருக்கிறது. நட்சத்திரத்தைச் சொன்ன உடனே சந்திரன் ராசி முடிவாகிவிடுகிறது. மிச்சம் குரு மட்டும்தான். அது பிங்கள வருஷத்தோடு வருகிறது.

இங்கேதான் சுவாரசியமே. 120 வயது வாழ்ந்தார் என்பதை ஏற்காத ஆய்வாளர்கள் சிலர் அவர் காலத்தை 1077–1157 என்று வைக்கிறார்கள். 1017-உடன் 60 கூட்டினால் 1077. அதுவும் பிங்கள வருஷம்தான்! குரு ஐந்து சுற்று வர சுமார் 59.3 வருஷம், சனி இரண்டு சுற்று வர சுமார் 58.9 வருஷம். 60 வருஷச் சக்கரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 1077 சித்திரைக்குக் கணக்குப் போட்டேன். குரு மறுபடியும் மிதுனத்தில்! திருவாதிரை அன்று குரு-சந்திரன் சேர்க்கை அப்படியே வருகிறது. சூரியனும் மேஷம். பஞ்சமி மட்டும் திருவாதிரை தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால் முடிகிறது. ஆயிரம் வருஷம் பின்னோக்கிப் போடும் கணக்கில் அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. தெளிவாக வேறுபடுவது சனி: 1017-இல் தனுசு, 1077-இல் மகரத் தொடக்கம்.

ஆக, எல்லாரும் சிலாகிக்கும் அந்தச் சேர்க்கை இரண்டு தேதிக்கும் பொது. எந்த வருஷம் பிறந்தார் என்று அது சொல்லவில்லை. யாரும் சிலாகிக்காத சனிதான் சொல்லும். ஆனால் அந்த சனியையும் நாம்தான் வருஷத்தை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தோம். சனி எந்த ராசி என்று அன்றைக்கே எழுதி வைத்த குறிப்பு இருந்தால்தான் அது சாட்சி. இப்போதைக்கு ஜாதகம் நம் கணக்கின் அவுட்புட், அவ்வளவுதான்.

பலன் சொல்வதும் இப்படித்தான் நடக்கிறது. கடக லக்னத்துக்கு மிதுனம் பன்னிரண்டாம் இடம். அதை விரய ஸ்தானம்னும் சொல்லலாம், மோட்ச ஸ்தானம்னும் சொல்லலாம். ராமானுஜர் என்று தெரிந்த பிறகு யார் விரயம் என்பார்கள்? சுக்கிரன் சூரியனுக்கு நாலு பாகைக்குள் அஸ்தங்கம். இல்லறத்தை விட்டுத் துறவு பூண்டார் அல்லவா, பொருந்திவிட்டது. கடைசி வரை குடும்பஸ்தராக இருந்திருந்தால், சுக்கிரன் நட்பு கிரகமான புதனோடு இருக்கிறார் என்று ஆரம்பித்திருப்பார்கள். வாழ்க்கை முதலில், விளக்கம் அப்புறம்.

மகான் விஷயத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே விதிகளைத்தான் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் 25 வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோ வரன் பார்க்கும்போதும் எடுக்கிறார்கள். "சுக்கிரன் அஸ்தங்கம், வேண்டாம்" என்று ஒரு வரியில் ஒரு சம்பந்தம் முடிந்துவிடும். அங்கே வாழ்க்கை இன்னும் நடக்கவே இல்லை. சாதகமான அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

அடுத்த முறை யாராவது ஒரு சேர்க்கையைக் காட்டிப் பலன் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சேர்க்கை எத்தனை பேருக்கு இருக்கும்? குருவும் சந்திரனும் ஒரே ராசியில் இருப்பது பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு. ஆள் யார் என்று தெரியாமல் இருந்தால் இதே பலனைத்தான் சொல்வீர்களா? முதல் கேள்விக்குக் கணக்கு போதும். இரண்டாவதுக்கு ஜோசியர்தான் பதில் சொல்லணும்.