ஆட்டு மணிக்கு ஊர் எது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆளுங்களுக்கு வீரசோழன்னு சொன்னதும் ஞாபகம் வர்றது வாரச்சந்தை, அதுலயும் ஆட்டுச்சந்தை. ஆட்டைப் பிடிச்சுப் பல்லைப் பார்ப்பாங்க, தூக்கி எடை பார்ப்பாங்க, துண்டுக்குள்ள கைவிட்டு விலை பேசுவாங்க. கழுத்துல கிடக்கிற மணியைப் பத்தி மட்டும் யாரும் பேச மாட்டாங்க.

அந்த மணியை எந்த ஊர்ல செஞ்சாங்க? இதான் இன்னைக்குப் பதிவு. கேக்க சின்ன விஷயமா இருக்கும். ஆனா அருங்காட்சியகத்துல வேலை பார்க்கிறவங்களைத் திணறடிக்கிற கேள்வி இது.

ஏன்னா ஒரு மணிக்கு ஊர் ஒண்ணு இல்லை, மூணு. செஞ்ச ஊர், கழுத்துல கட்டின ஊர், கடைசியா ஒருத்தர் காசு குடுத்து வாங்கின ஊர். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிற சீட்டுல பெரும்பாலும் ஏறுறது மூணாவது ஊர்தான்.

நம்ம கீதாரிகளையே எடுத்துக்குங்க. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில மேய்ச்சல் வத்திட்டா மந்தையை ஓட்டிக்கிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருவாங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போட்டு, மழைக்காலம் நெருங்கும்போது திரும்பி வருவாங்க. அங்க ஒரு ஆட்டு மணி அறுந்து விழுந்து, அதை யாராவது எடுத்து அருங்காட்சியகத்துக்குக் குடுத்தா சீட்டுல என்ன எழுதுவாங்க? ‘தஞ்சாவூர் மணி’. பொய்யில்லை. உண்மையும் இல்லை :-)

சரி, மணியையே கேட்டா சொல்லாதா? கொஞ்சம் சொல்லும். காது வளையம் தேய்ஞ்சிருந்தா ரொம்ப நாள் கயித்துல ஆடியிருக்குன்னு அர்த்தம். உள்பக்கம் நாக்கு பட்ட இடம் வழுவழுன்னு குழிஞ்சிருக்கும். வார்த்த மணியா, தகட்டை வளைச்சு அடிச்ச மணியான்னு கண்ணாலயே பார்த்திரலாம். குஜராத்துல கட்ச் பக்கத்து லோகார்கள் இரும்புத் தகட்டை வளைச்சுப் பொருத்தி, மேல செம்புப்பூச்சு ஏத்துறாங்க. அந்த மாதிரி மணியை ஒருத்தர் ‘செட்டிநாட்டு மாட்டு மணி’ன்னு நீட்டினா, காசை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

ஆய்வுக்கூடத்துல எக்ஸ் கதிர் வச்சுப் பார்த்தா, செம்போட வெள்ளீயம் கலந்த வெண்கலமா, துத்தநாகம் கலந்த பித்தளையான்னு தெரியும். ஊர் தெரியாது. ஓட்டைக் குடம், உடைஞ்ச விளக்கு, பழைய மணி எல்லாத்தையும் ஒரே மூசையில போட்டு உருக்கித்தானே புது மணி வார்த்தாங்க? நாலு ஊர் உலோகம் ஒரே மணிக்குள்ள இருக்கும்.

அப்ப மணியோட ஊரைக் காப்பாத்துறது எது? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வழி.

முதல் வழி, மணி மேலயே எழுத்து இருக்கணும். இதுக்கு உதாரணம் ஆட்டு மணி இல்லை, கப்பல் மணி. நியூசிலாந்துல வில்லியம் கொலென்சோங்கிற பாதிரியார் 1836 வாக்கில் வாங்கரேய் பக்கத்துல ஒரு உடைஞ்ச வெண்கல மணியைப் பார்த்தார். மாவோரிப் பெண்கள் அதுல உருளைக்கிழங்கு வேகவச்சுக்கிட்டு இருந்தாங்க. சுத்தி ஓடுற எழுத்து தமிழ்! முகைய்யதீன் வக்குசு என்பவரோட கப்பல் மணின்னு இருக்கு. இப்ப வெலிங்டன்ல டெ பாப்பா அருங்காட்சியகத்துல இருக்கு. அது 500 வருசப் பழசுன்னு முன்னாடி எழுதினாங்க. எழுத்தமைதியை வச்சு 17, 18ம் நூற்றாண்டா இருக்கலாம்னு பிறகு சொன்னாங்க. எந்தத் துறைமுகம்னு மணியில இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி மட்டும் இல்லேன்னா, ‘உலோகப் பாத்திரம், வாங்கரேய்’னு போயிருக்கும்.

ரெண்டாவது வழி, யாராவது பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதணும். 1901-02ல் நீலகிரிக்கு வந்த ரிவர்ஸ் இதைத்தான் செஞ்சார். தோடர்களோட புனித எருமை மந்தைகளுக்குன்னு மணிகள் உண்டு. அவங்க பாஷையிலயும் அதுக்குப் பேரு ‘மணி’தான். அதைப் பால்மனையில வச்சுத் தெய்வமா மதிச்சாங்க. தனித்தனிப் பேரும் உண்டு, வேண்டுதல்ல அந்தப் பேரைச் சொல்லுவாங்க. எந்தப் பால்மனையில எந்த மணி, அதுக்கு என்ன பேருன்னு கேட்டு எழுதி 1906ல் புத்தகமாப் போட்டார். பேரும் இடமும் அந்தத் தாள்ல நின்னுக்கிச்சு.

நம்ம கரிசக்காட்டு மணிக்கு ரெண்டுமே கிடையாது. எழுத்தும் இல்லை, எழுதினவரும் இல்லை. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதைக் கட்டின மனுசனோட ஞாபகம். அவர் போயிட்டா மிச்சம் எடைக்குப் போடுற பித்தளைதான். கிலோ என்ன விலைன்னு கேட்டு மறுபடி மூசைக்குப் போயிரும்.

பரண்லயோ மாட்டுத்தொழுவத்து ஆணியிலயோ மணி ஏதாவது தொங்குதான்னு இந்த வாரம் ஊருக்குப் போனா பாருங்க மக்களே. இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட மூணே கேள்வி: எங்க வாங்கினது? எந்த மாட்டுக்கு, எந்த ஆட்டுக்குக் கட்டினது? யார் செஞ்சது? பதிலைத் துண்டுக் காகிதத்துல எழுதி, வருசம் போட்டு, மணி காதுலயே கட்டி வச்சிருங்க. அப்படியே பின்னூட்டத்துலயும் போடுங்க. உங்க வீட்டு மணிக்கு ஊர் எதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.