மார்கழிக் குளிரும் மலையின் வரலாறும்

நம் கல்லூரியில் படித்தவர்களுக்குக் கல்வராயன் மலை புதிதல்ல. மார்கழி பிறந்தால் ஸ்வெட்டரும் கம்பளியுமாகக் கச்சிராயபாளையம் வழியே கிளம்பிவிடுவோம். கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறிக் கரியாலூரில் இறங்கினால் எங்கும் பனிமூட்டம்தான். பெரியார் அருவி, மேகம் அருவி, சூடா ஒரு டீ! இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் போகிறார்கள். அவர்களுக்காக அந்த மலையின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது இது. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம். இங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பார்கள். உடனே கேரளா என்று நினைச்சுடாதீங்க! மலையில் வாழ்பவர்கள் என்றே பொருள், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமையும் தினையும் விளைவித்தார்கள், கரியராமரைக் கும்பிட்டார்கள்.

ஆனால் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று பரம்பரைப் பெயர்களால் ஜாகீர்கள் அழைக்கப்பட்டன. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. மலையை அரசு ஏற்றதோ 1976-இல்தான். இடையில் 29 வருஷம்!

நான் சிவில் இன்ஜினீயர். எந்த ரோட்டைப் பார்த்தாலும் எப்போது போட்டது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். சமவெளியில் ஒரு பாலம் பத்து வருஷம் தள்ளிப்போனாலே சத்தம் போடுகிறோம். இங்கே ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பட்டா என எல்லாமே ஒரு தலைமுறை பின்னால்தான் ஆரம்பித்தன. ரோடு எட்டாத ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தியை இந்த நூற்றாண்டிலும் படித்தோம்.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலைக்கும் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தாலுகா வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிய வழக்கைக் கையில் எடுத்தது. மலை என்றாலே சாராயம் என்று பேசுபவர்கள், அந்த 29 வருஷத்தையும் சேர்த்துப் பேசினால் நியாயமாக இருக்கும்.

நண்பர்களே, அடுத்த மார்கழிக்கும் போவோம். குளிர் எங்கேயும் போய்விடாது. அதோடு, மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஹாஸ்டல் கட்டணமோ, புத்தகமோ நம் சங்கம் வழங்கட்டும். அந்தப் பிள்ளை நாளை இன்ஜினீயராகி, தன் ஊருக்குத் தானே ரோடு போடட்டும்.