சேலத்துத் தொட்டிலும் தாயின் உடலும்

பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், அரசிடம் விட்டுச் செல்லுங்கள் என்று சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. அதனால் உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. ஆனால் அந்தத் தொட்டில் பேசியது தாயிடம் மட்டுமே. குழந்தை வேண்டாமென்று தீர்மானித்த குடும்பமும், அதன் நிலமும், அதன் வாரிசுக் கணக்கும் அரசின் பார்வைக்கு வெளியே நின்றன.

2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 942 பெண் குழந்தைகள் இருந்தார்கள். சேலம் மாவட்டத்தில் 851 பேர். பெரும்பாலும் ஆபத்துக்குள்ளானது முதல் பெண் அல்ல; இரண்டாவது, மூன்றாவது பெண். கணநேர மனக்குழப்பத்தில் ஒரு தாய் செய்த காரியமென்றால் பிறப்பு வரிசை இப்படிக் குறுக்கே வந்திருக்காது. "இதுவும் பொட்டப்புள்ளையா?" என்று வீடு கேட்கும்போதே பவுனும் சீரும் எண்ணப்பட்டுவிடுகின்றன.

பெண்ணின் உடலை வெறும் உயிரியல் பொருளாகப் பார்க்காமல், உலகில் அவளுக்கு வாய்த்த நிலைமையாகப் பார்க்கச் சொன்னார் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் த போவ்வார் (1949). சேலத்துத் தாயைக் கொலைகாரி என்பதும் ஒன்றுமறியாத பேதை என்பதும் அந்த நிலைமையை மறைக்கும் இரு வழிகளே.

கொலைகாரி, பேதை என்ற இந்தப் பிளவு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மாறாக நிரூபிக்கப்படாதவரை, கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. அதே பெண் பிரசவித்த பின் சிசு கொல்லப்பட்டால், கொலைக் குற்றப் பிரிவில் அப்படியொரு அனுமானம் கிடையாது. ஸ்கேன் அறையில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்த கணவரும் மாமியாரும் பிரசவ அறையில் எப்படி மறைந்துபோனார்கள்? நெருக்கடி ஒன்றுதான், மாறியது குழந்தை இருந்த இடம் மட்டுமே.

1992இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் இன்னும் கூர்மையான சான்று. மகளின் பெயரில் வைப்புத்தொகை வேண்டுமானால் ஆண் குழந்தை இருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். 'ஒருவர்' என்று விதி சொன்னாலும் அறுவை மேசையில் படுப்பவர் பெரும்பாலும் மனைவிதான். மகளுக்கான பாதுகாப்பு, தாயின் கருப்பைக் குழாயைக் கட்டித்தான் கிடைக்கிறது.

நிலத்தை அரசு தொடவேயில்லை என்று சொல்ல முடியாது. 1989இலேயே தமிழகம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதற்குள் மணமாகிவிடாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. மற்ற மகள்களுக்கும் வழிவிட்ட மத்தியத் திருத்தம் 2005இல் வந்தது. ஆயினும் "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்ற ஒரு வாக்கியம் போதும், சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட. இதற்கிடையே சேலத்திலும் அண்டை மாவட்டமான நாமக்கல்லிலும் குழந்தைப் பாலின விகிதம் 2011இல் 900ஐத் தாண்டியது. பிழைத்து வளர்ந்த அந்த மகள்களுக்கு என்ன கிடைத்தது என்பதை ஆராய விரும்புவோர் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டோடு சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.