புற்றுநோயை நோயாளியிடம் சொல்லலாமா? ஒரு குட்டி வரலாறு

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்."

பயாப்சியில புற்றுநோய்னு வந்ததும், மகன் என்னை வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்றது இதைத்தான். நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க.

1961, சிகாகோ. புற்றுநோய்னா நோயாளிகிட்ட சொல்வீங்களான்னு டொனால்ட் ஓகென் என்ற மருத்துவர் 200க்கும் மேற்பட்ட டாக்டர்களைக் கேட்டார். சுமார் 90% பேர் சொல்றதில்லைன்னாங்க. ஏன்னு கேட்டா, "அனுபவம்". தோண்டிப் பார்த்தா அனுபவம் இல்லை, அவங்கவங்க மனசுல ஏற்கெனவே இருந்த உணர்ச்சியும் அபிப்பிராயமும்தான்னு ஓகென் எழுதினார். (டாக்டருக்கும் பயம் உண்டுங்க!)

1979, நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர். அதே கேள்விகள். இந்த முறை 97% பேர் "சொல்வோம்". 18 வருஷத்துல தலைகீழ்.

சரி, எப்படிச் சொல்றது? அதுக்குப் பயிற்சி வர இன்னும் நாளாச்சு. டொரன்டோவின் புற்றுநோய் மருத்துவர் ராபர்ட் பக்மன் 1992ல் இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். 2000ல் சக மருத்துவர்களோடு சேர்ந்து 'ஸ்பைக்ஸ்' என்ற 6 படி முறையை வெளியிட்டார். தனி இடத்துல உட்காருங்க. அவருக்கு என்ன தெரியும்னு கேளுங்க. எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறார்னு கேளுங்க. அப்புறம்தான் விஷயம். அழுதா அழ விடுங்க. கடைசியா, அடுத்து என்ன செய்யலாம்னு பேசுங்க.

எனக்கு ரொம்ப உதவினது மூணாவது படி. "எல்லாத்தையும் பையன்கிட்டயே சொல்லிடுங்க"ன்னு அப்பாவே சொன்னா, அதுவும் அவர் முடிவுதானே.

அதனால வராண்டாவுல மகன்கிட்ட இப்போ இப்படித்தான் பேசுறேன்: "நானா போய்க் கொட்டமாட்டேன் தம்பி. எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவரைக் கேட்பேன். அவர் கேட்டா பொய் சொல்லமாட்டேன். நீங்களும் பக்கத்துல உட்காருங்க."