ஒரே வாசல், இரண்டு குடித்தனம்

டில்லியில் யமுனைக்குக் கிழக்கே 1980களில் மயூர் விஹார் எழும்பியபோது, கரோல்பாகின் வாடகை வீடுகளிலும் ராமகிருஷ்ணபுரத்தின் சர்க்கார் குவார்ட்டர்ஸிலும் காலந்தள்ளிய தமிழ்க் குடும்பங்கள் பல, டி.டி.ஏ. பிளாட்டுகளிலும் கூட்டுறவு ஸொஸைட்டிகளிலும் சொந்தமாக இரண்டு அறை கிடைத்த சந்தோஷத்தோடு ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தன. தொண்ணூறுகளின் இறுதியில் அவ்வீடுகளின் கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்தது. வீட்டுக்கு ஒன்றுதான் என்பதால், தகப்பனாரின் வருமான வரிக் கணக்கும், பெண்ணின் கல்லூரிப் பாடமும், பிள்ளையின் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ யுத்தமும் அந்த ஒரே யந்திரத்தில் முறைவைத்து நடந்தன.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், இன்டர்நெட் தொலைபேசிக் கம்பி வழியே சொட்டுச் சொட்டாக வந்த அந்நாளில், பிசி குவெஸ்ட் முதலான சஞ்சிகைகள் இணைத்துத் தந்த குறுந்தகடுகளின் மூலமாகவே நம் பிள்ளைகளின் கையை எட்டியது. இஞ்சினியரிங் மாணவனுக்கு அது காசு கேட்காத காமதேனு. ஆனால் விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. ஆகையால் படிப்புக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என இரண்டு இயங்குதளங்களை ஒரே ஹார்ட் டிஸ்கில் ஒண்டுக் குடித்தனம் வைக்கும் வழக்கம் பிறந்தது. டூயல் பூட் என்று அதற்குப் பெயர். இட நெருக்கடி முற்றினால், நிஜாமுத்தீன் பாலத்தைத் தாண்டி நேரு பிளேஸுக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வருவார்கள்.

குடித்தனம் இரண்டானாலும் வாசல் ஒன்றே. அந்நாளில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகள்தாம் அந்த வாசல். அதில் 64 பைட்டுகளில் நான்கே பார்ட்டிஷன்களுக்கான பாகப் பத்திரம் எழுதப்பட்டிருக்கும். மற்றதில் காவலாக இருக்கும் சின்னஞ்சிறு புரோகிராம், யாரை எழுப்புவது என்று தீர்மானிக்கும். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் வாசலில் அதன் காவலன் நின்றுகொள்வான். லினக்ஸ் உள்ளே பத்திரமாகவே இருக்கும், கூப்பிடத்தான் ஆள் இராது. லினக்ஸ் தரப்புக் காவலனாகிய லிலோ, தன் பெயரை எழுத்தெழுத்தாகத் திரையில் எழுதிக்கொண்டே விழித்தெழும். ‘எல்’, ‘ஐ’ என்ற இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால், அதன் இரண்டாம் பகுதி நினைவகத்துக்கு வந்தும் ஓடவில்லை என்று பொருள். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அந்த இரண்டு எழுத்தைக் கொண்டே பிள்ளைகள் நோயை நிதானித்து, பிளாப்பியைச் செருகி, வாசலைத் திரும்ப எழுதிச் சரிசெய்தார்கள். யந்திரம் எவ்வாறு கண்விழிக்கிறது என்பதை எந்த ஆசிரியரும் அவர்களுக்குப் போதித்ததில்லை. விளையாட வேண்டும் என்ற தாபமே போதித்தது. விளையாட்டை வீண்பொழுதென்று கண்டித்த பெற்றோரில் நானும் ஒருவன். அந்தக் கண்டனத்தை இன்று மனமாரத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் திருட்டுத்தனமாகச் செய்துவந்த இந்த டூயல் பூட் காரியத்தை ஓர் அரசாங்கமே பெரிய அளவில் செய்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸையும் சேர்த்தே வழங்கினார்கள். மறு கோடையில் திருவாரூரிலிருந்து என் தங்கை மகன் அதை மயூர் விஹாருக்குக் கொண்டுவந்தான். பொத்தானை அழுத்தியதும் கறுத்த திரையில் இரண்டு பெயர்கள் தோன்றி, விநாடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதற்குள் அவன் விரல் பழக்கமாக விண்டோஸுக்குப் போனது, கார்ப் பந்தயத்துக்காக. “மற்றது எதுக்கு மாமா?” என்றான். என் மகன் அவனருகே உட்கார்ந்து, அன்று நள்ளிரவு வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்ட பின், விண்டோஸ் விளையாட்டுகள் பல லினக்ஸிலேயே ஓடுகின்றன. மோசடியைத் தடுக்கும் காவலை விண்டோஸின் கருவறையிலேயே நிறுத்திவைக்கும் வேலரண்ட் போன்றவற்றுக்காகவே பலர் பழைய குடித்தனத்தைக் காலிசெய்யாமல் வைத்திருக்கிறார்கள். தங்கை மகன் இப்போது நொய்டாவில் உத்தியோகம் பார்க்கிறான்; ஜாகை எங்கள் வீட்டில். வாரம் முழுவதும் அவன் லேப்டாப்பில் லினக்ஸ்தான். வெள்ளி இரவு மட்டும் அம்புக்குறி ஒரு வரி கீழே இறங்குகிறது.