மாற்றுக் கருத்தும் நடுவுநிலையும்

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைக் குப்பத்தார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கிற்குப் 'பாடு' என்று பெயர். இன்று ஒருவர்க்கு வாய்த்த நல்லிடம் நாளை மற்றவர்க்கு உரியது. எனினும், பாட்டுரிமை பெறாதோரின் குறையும் அக்கரையில் நெடுங்காலமாக ஒலித்துவருகிறது. உள்ளிருப்போர்க்கு நேர்மையாகத் தோன்றும் முறை, புறத்தே நிற்போர்க்கும் அவ்வாறே தோன்றுமா என்னும் வினா ஏரிக்கரைக்கு மட்டும் உரியதன்று. மகிமை மாதா ஆலயம் விளங்கும் பழவேற்காட்டிற்குத் தெற்கே, மயிலையைத் தலைமையிடமாகக் கொண்டு 1606ஆம் ஆண்டில் மறைமாவட்டம் ஒன்று நிறுவப்பெற்றது. அதே ஆண்டில் மதுரையை அடைந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரைச் சூழ்ந்து எழுந்த வழக்கும் இவ்வினாவையே எழுப்பியது.

மதுரையில் அவர்க்கு முன்பே பணியாற்றிவந்தவர் கொன்சாலோ பெர்னாந்தெசு. இருவரும் இயேசு சபையினர். பெர்னாந்தெசின் கோயிலை நாடியோர், முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரவரும் போர்ச்சுகீசியரும் ஆவர். நொபிலியோ காவியுடுத்து, புலால் நீத்து, தமிழும் வடமொழியும் கற்றுத் தனித்து வாழ்ந்தார். தம் வழி வந்தோர் குடுமியும் பூணூலும் சந்தனமும் தரிப்பதற்கு இசைந்தார். இவை உலகியல் வழக்கங்கள் என்றார் அவர். பிற சமயச் சின்னங்கள் என்றார் பெர்னாந்தெசு. 1610இல் முறையீடு மேலிடத்தை எட்டியது.

நொபிலியைத் தாராள நோக்கினர் என்றும் பெர்னாந்தெசை மரபின் காவலர் என்றும் வகுப்பது எளிது. ஆனால், சாதி வேறுபாட்டிற்கு இடந்தந்தவர் நொபிலியே. கடற்கரை மக்களோடு ஒரே கோயிலில் நின்றவர் பெர்னாந்தெசு. ஆகவே, அவருடைய எதிர்ப்பை வெறும் அழுக்காறு என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. அந்தணர் சடங்குகளை விரிவாகத் தொகுத்து 1616இல் அவர் ஒரு நூலே எழுதினார். மறுப்பதற்கு முன் அறிய முற்பட்டார். நொபிலியும் தம்மேல் சாற்றப்பட்ட குற்றங்களுக்கு வசைமொழியால் அன்றிச் சான்றுகளால் விடையிறுத்தார். உரோமையில் கர்தினால் பெல்லார்மின், முதலில் கேட்ட செய்தியால் வருந்தினார். நொபிலியின் விளக்கத்தைப் பெற்றபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மறுதரப்பின் சொல்லைக் கேட்டபின் மனம் மாறுதல் தோல்வியன்று. அதுவே அறிவின் அறம்.

1619இல் கோவாவில் கூடிய அவையில் கருத்துகள் பிளவுபட்டன. கோவாப் பேராயர் எதிர்த்தார். கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோசு ஆதரித்தார். 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சமயச் சார்பு நீங்கிய நிலையில் அவ்வழக்கங்களை இசைந்து ஆணையளித்தார். அதன் இறுதியில், உயர்குடியினர் தாழ்ந்தோராகக் கருதப்பட்டோரை, சிறப்பாகக் கோயிலில், இகழலாகாது என்றும் வேண்டினார். வழக்கில் வென்றவர் நொபிலி. ஆயினும் புறத்தே நின்றோரின் குறையும் அவ்வாணையில் இடம்பெற்றது.

அவ்வேண்டுகோள் போதிய அளவு செவிமடுக்கப்படவில்லை. கோயில்களில் சாதிப்பிரிவு நெடுங்காலம் நீடித்தது. நொபிலி 1656இல் மயிலையில் மறைந்தபின்னும் பூசல் ஓயவில்லை. 1704இல் புதுவையிலும் 1744இல் உரோமையிலும் தடையாணைகள் பிறந்தன. பணியாளர்மேல் சுமத்தப்பட்ட உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பெற்றது.

மொழியையும் வழக்கையும் மதிக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. மதிப்பின் பெயரால் மனிதர் விலக்கப்படலாகாது என்பதற்குக் காரணம் காட்டியது மறுதரப்பு. இரண்டும் மெய்யே. ஒன்றை முழுமையாகக் கேளாமல் மற்றொன்றைப் போற்றுவோர் பாதி நீதியையே பெறுவர்.